பள்ளங்களுக்குப் பெயர் வைத்த நல்லசாமி

"கிராணி வர்றாரு, ஒதுங்கிக்குவோம்" என்று சொல்லிக்கொண்டே நல்லசாமி லாரியின் ஸ்டீயரிங்கை அரைச் சுற்று இடப்பக்கம் ஒடித்தார். எதிரே கிராணியும் இல்லை, கிராணியின் சைக்கிளும் இல்லை. ஒரு பள்ளம்தான் இருந்தது. மேலே பார்த்தால் உள்ளங்கையளவு தண்ணீர், சாதுவாகக் கிடக்கும். சக்கரம் இறங்கினால் அச்சு வரைக்கும் உள்ளே போய்விடும். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தியும் பார்வைக்குச் சாதுதான். அவரிடம் லீவு கேட்டுப் போனவர்களுக்குத்தான் ஆழம் தெரியும். அதனால் அந்தப் பள்ளத்துக்கு அவர் பெயர்.

கிராணியைத் தாண்டினால் சம்பந்தி. சாலையின் முழு அகலத்துக்கும் படுத்திருப்பதால் ஒதுங்க வழி கிடையாது. வேகத்தைக் குறைத்து, மரியாதையாக இந்தப் பக்கம் இறங்கி, மரியாதையாக அந்தப் பக்கம் ஏற வேண்டும். அப்பால் இரட்டைப் பிள்ளை. ஒன்றிடம் தப்பினால் மற்றது காலைப் பிடித்துக்கொள்ளும். மங்கம்மா பள்ளத்தில் எந்த வெயிலிலும் தண்ணீர் வற்றாது, லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் மங்கம்மாவின் பேச்சைப் போல. அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், புதிதாக ஒரு பள்ளம் கீறல் விட ஆரம்பித்திருந்தது. நாட்டுக்கு விடுதலை இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். அதற்கு, விடுதலைக்கான மலாய்ச் சொல்லான மெர்டேக்கா என்றே பெயர் வைத்தார். "தொறந்த பெறகுதான் எம்மாம் பெருசுன்னு தெரியும் லா" என்பார்.

மொத்தம் நாற்பத்தொரு பள்ளம். சுங்கை கெலாடி தோட்டம் புக்கிட் பெலண்டோக்கிலிருந்து உள்ளே தள்ளி, காட்டை ஒட்டிக் கிடக்கிறது. தோட்டத்துக் கேட்டிலிருந்து பெரிய ரோட்டுச் சந்திப்பு வரைக்கும் ஏழு மைல். தோட்டத்து ஆட்கள் வாயில் மைல் என்றால் கட்டை, சாலை என்றால் சடக்கு; அது ஏழு கட்டைச் சடக்கு. தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த ஏழு கட்டையையும் கடந்து, சந்திப்புக்கு அப்பால் இருக்கும் ஆலைக்குக் கித்தாப் பாலை, அதாவது ரப்பர் மரத்துப் பாலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லசாமியின் வேலை.

கித்தாப் பால் பச்சைப் பிள்ளை மாதிரி, குலுக்கினால் அதற்குப் பிடிக்காது. வழியெல்லாம் ஆட்டம் கண்டால் டாங்கிக்குள்ளேயே கட்டி தட்டிவிடும்; ஆலையில் முகம் சுளிப்பார்கள். ஆறு வருஷத்தில் நல்லசாமியின் டாங்கியில் பால் ஒருநாளும் கட்டி தட்டியதில்லை. எந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு ஒடிக்க வேண்டும், எங்கே கிளட்சை மிதித்து வண்டியை மிதக்கவிட வேண்டும் என்று அவர் கைகாலுக்கே பாடம். "என் லாரியில தேத்தண்ணி கிளாஸ வச்சு ஓட்டுவேன், ஒரு சொட்டுச் சிந்தாது லா" என்பது அவருடைய பெருமை. அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. லயத்து ஆட்கள் பந்தயம் கட்டி, கிளாஸை விளிம்பு வரை நிரப்பி ஏற்றிவிட்டு, மூன்று தடவை தோற்றிருக்கிறார்கள்.

ஆள் ஒல்லி. முழங்கால் வரைக்கும் காக்கிக் கால்சட்டை, கழுத்தில் துண்டு. லாரியில் முதுகைச் சாய்க்க மாட்டார். பரீட்சை எழுதுகிறவரைப் போல நிமிர்ந்துதான் உட்காருவார். சிரம்பானுக்குப் பஸ்ஸில் போனால் வழி நெடுக வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே போவார், இல்லாத பிரேக்கைத் தேடி. இறங்கியதும் பஸ் டிரைவரைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல மாட்டார்.

இன்னொரு விசித்திரம், உலகத்தில் எதையும் அவர் கட்டைக் கணக்கில்தான் அளப்பார். பசி அதிகமானால் "ஆறாவது கட்டைக்கு வந்துட்டேன், சோத்தப் போடு" என்பார். கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் "இன்னும் ரெண்டு கட்டை இருக்கும் போலிருக்கே" என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுப்பார். மனைவி பஞ்சாலைக்கு ஆறு மாதம் ஆனபோது, விசாரித்தவர்களிடம் எல்லாம் "நாலு கட்டை தாண்டிட்டா" என்று சொன்னார். சொல்லிவிட்டு ஏன் அவர் முகம் மாறியது என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாலைக்கு முதல் பிரசவ வலி எடுத்தது ஒரு சாயங்காலம், நாலு மணிக்கு. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சொல்லிவிட்டார். நல்லசாமி பஞ்சாலையைப் பக்கத்தில் படுக்கவைத்து லாரியை எடுத்தார். வேகமாகப் போனால் குலுங்கும், அவளால் தாங்க முடியாது. மெதுவாகப் போனால் நேரமாகும், பிள்ளையால் தாங்க முடியாது. அந்தச் சாலை இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கும். அவர் குலுங்காமல் ஓட்டினார். நாலாவது கட்டையில் பிள்ளை பிறந்தது, அழவில்லை. இந்தத் தடவையும் ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று சிரம்பான் டாக்டர் சொல்லியிருந்தார். நாள் நெருங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. சாலை அப்படியேதான் இருந்தது.

அந்தச் சாலையே அவசரகாலம் பெற்ற பிள்ளை. அவசரகாலம் என்றால் லயங்களைச் சுற்றி இரட்டை முள்கம்பி வேலி, காலை ஆறுக்குத் திறந்து சாயங்காலம் ஆறுக்கு மூடும் கேட், பாலெடுக்க மரம் சீவப் போகும் பெண்களின் தூக்குவாளியைத் திறந்து பார்க்கும் சோதனை. ஒரு பிடி சோறு வெளியே போனாலும் காட்டுக்குள் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். நல்லசாமியின் பால் டாங்கிக்குள்ளும் ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நீளக் கம்பை விட்டுத் துழாவுவான். "அரிசியப் பால்ல போட்டா பாயசம்தான் வரும், ஒரு கரண்டி தரட்டுமா?" என்று அவர் கேட்பார். அவனும் தினமும் சிரிப்பான்.

ராணுவ லாரிகள் மலையடிவாரம் வரைக்கும் போய்வர வேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன் அரசாங்கப் பணத்தில், பழைய மண் பாதையின்மேல் இந்தச் சாலையைப் போட்டார்கள். காகிதத்தில் ஒன்பது அங்குலக் கருங்கல், அதன்மேல் தார். பந்தல் போட்டுத் திறந்துவைத்தார்கள். முதல் மழைக்காலத்தில் தார் வெடித்தது. மறுபடி பணம், மறுபடி அதே காண்ட்ராக்டர். அடுத்த மழை, அடுத்த பணம். ஒவ்வொரு தடவையும் பள்ளங்களுக்கு ஒரு வாய் செம்மண் கிடைத்தது. செரித்துவிட்டு மீண்டும் வாயைப் பிளந்தன.

இது கோலாலம்பூரில் ஒருவர் கண்ணை உறுத்தியது. சட்டசபையில் அரசாங்கச் செலவைச் சரிபார்க்கும் கணக்குக் குழுவில் இருந்தவர் அவர். யூசோப் என்று பெயர், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற மலாய்க்காரர். பழைய பழக்கத்தில் சிவப்புப் பென்சிலும் கையுமாகத்தான் செலவுப் புத்தகத்தைப் படிப்பார். புதுச் சாலைக்கு வருஷாவருஷம் எதற்கு வைத்தியச் செலவு என்று ஓரத்தில் எழுதினார். நேரில் பார்த்துவிட்டு வருவோம் என்று குழு முடிவுசெய்தது. புறப்படுகிற நாளில் இரண்டு உறுப்பினர்களுக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போயிற்று. காட்டோரத் தோட்டம் என்றால் அப்படித்தான் பலருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். யூசோப் மட்டும் ஒரு குடையோடும், குழுவின் எழுத்தர் செல்லப்பாவோடும் வந்து சேர்ந்தார்.

விஷயம் தோட்டத்துக்கு எட்டியதும் நல்லசாமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "சட்டசபை ஆளே வர்றாரு. நாப்பத்தொண்ணையும் ஒண்ணு விடாமக் காட்டிடுறேன் பாரு" என்று பஞ்சாலையிடம் சொன்னார். லாரியைச் சோப்புப் போட்டுக் கழுவினார். சீட்டில் புதுப் பாய் விரித்தார். இத்தனைக்கும் விருந்தாளி அந்த லாரியில் ஏறப்போவதாக யாரும் சொல்லவில்லை. ஏறினால் என்ன செய்வது என்று ஒரு முன்னெச்சரிக்கை.

அவர் நினைத்ததே நடந்தது. சாலைக்குப் பொறுப்பான ஓவர்சியர் தன் காரைத் துடைத்துப் பளபளவென்று சந்திப்பில் நிறுத்தியிருந்தார். சந்திப்பை ஒட்டிய அரை மைலுக்குப் பள்ளங்களில் முந்தைய நாளே மண் விழுந்திருந்தது. மைல்கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. யூசோப் காரைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், "இந்தச் சாலையில் தினமும் போகிற வண்டி எது?" என்று கேட்டார். விருந்தாளியைப் பார்க்கக் காலையிலேயே வந்து நின்ற பால் லாரியை ஓவர்சியர் காட்ட வேண்டியதாயிற்று. பால் வாடை அடிக்குமே துவான் என்று மலாயில் ஐயா போட்டுச் சொன்னார். பரவாயில்லை, வாடையையும் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி, குடையை ஊன்றி லாரியில் ஏறிவிட்டார் பெரியவர். நடுவில் செல்லப்பா ஃபைல்களோடு ஒடுங்கி உட்கார்ந்தார். முன்னால் போலீசின் கவச வண்டி காவலுக்குப் போயிற்று. ஓவர்சியர் தன் காரில், ரொம்பப் பின்னால், சோர்ந்து போய் வந்தார்.

நல்லசாமி தன் வாக்கைக் காப்பாற்றினார். ஒன்றுவிடாமல் காட்டினார். அவருக்குத் தெரிந்த கடைத்தெருப் பேச்சான பாசார் மலாயில், "இது கிராணி பள்ளம் துவான்" என்று சொல்லி இடப்பக்கம் ஒடித்தார். "இது சம்பந்தி" என்று சொல்லி வண்டியை மிதக்கவிட்டார். "இது இரட்டைப் பிள்ளை, இது மங்கம்மா." யூசோப்புக்கு இந்தப் பெயர்கள் ரொம்பப் பிடித்துப்போயின. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டார், விழுந்து விழுந்து சிரித்தார். மெர்டேக்கா வந்தபோது சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோட்டத்துக் கேட்டில் லாரி நின்றபோது அவருடைய சொங்கோக் தொப்பி தலையில் வைத்தபடியே இருந்தது. நல்லசாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

தோட்டத்து மானேஜரான தொரையின் ஆபீசில் தேத்தண்ணி நடந்துகொண்டிருந்தபோது செல்லப்பா கை கழுவ வெளியே குழாயடிக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் நிதானமாகச் சொல்கிறவர்.

"நல்ல டிரைவர் தம்பி நீர்" என்றார்.

"துவான் எழுதிட்டாருங்களாய்யா?"

"எழுதினவர். சாலையில் சிறு குறைகள் உண்டு, ஆனால் பயணத்துக்கு உகந்த நிலை. அப்பிடித்தான் என்னை எழுதச் சொன்னவர்."

நல்லசாமி அவர் முன்னால் போய் நின்றார். "சிறு குறையா? நாப்பத்தொண்ணையும் காட்டினேனேய்யா!"

"காட்டினீர், ஓம். ஆனா ஒண்டுகூட அவரின்ர முதுகுக்குத் தெரியேல்லையே!"

செல்லப்பா போன பிறகு ஓவர்சியர் வந்தார். காலையில் சோர்ந்து கிடந்த முகத்தில் இப்போது வெயில் அடித்தது. சிகரெட் டின்னைத் திறந்து நீட்டினார். "என்னா ஓட்டு ஓட்டினே லா! உன்னையெல்லாம் சிரம்பான்ல பெரிய தொரைக்குக் காடி ஓட்ட விடணும்" என்று முதுகில் தட்டினார். ஆறு வருஷமாக அந்தப் பாராட்டுக்காகத்தான் நல்லசாமி காத்திருந்தார் என்றும் சொல்லலாம். அது இந்த ஆளிடமிருந்தா வர வேண்டும்? சிகரெட்டை வாங்கியவர் பற்றவைக்கவில்லை.

பஞ்சாலை விஷயம் தெரிந்துகொள்ள ஆபீஸ் வாசல் வரைக்கும் நடந்தே வந்திருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டு, கால்வாய் ஓரக் கல்லில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள்.

"ஏங்க, டாங்கியில பால் இருந்துச்சா?"

"இல்ல."

"பின்ன யாருக்காக அந்த ஒடி ஒடிச்சீங்க?"

"விருந்தாளி வந்திருக்காரு. கை தானாப் போயிருச்சு புள்ள."

சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கிப்போயிற்று. "போன தடவை நான் கெடந்தேனே, அப்பவும் இதே கைதான். ஒரு ஆட்டம் தெரியல எனக்கு. நேரத்துக்குத்தான் போய்ச் சேரல." துடைத்தும் நிற்காமல் கண்ணீர் வந்தது. "உங்களக் குத்தம் சொல்லல. நீங்க இப்படியே ஓட்டிக்கிட்டு இருந்தா இது நல்ல சடக்குன்னுதான் எல்லாரும் எழுதுவாங்க. எனக்கு மூணு மாசந்தான் இருக்கு."

தன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் வாழ்க்கையில் முதல்முறையாக நல்லசாமிக்குக் கோபம் வந்தது.

பதினொரு மணிக்குத் திரும்பல். ஓவர்சியர் குஷியில் தன் காரை ஆளிடம் பின்னால் கொண்டுவரச் சொல்லிவிட்டு, தானும் லாரியிலேயே வருவதாக டாங்கிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார். காற்று வாங்கியபடி போகலாமாம். கேட் தாண்டியது. முதலில் மங்கம்மா.

"மங்கம்மா, துவான்" என்று அறிமுகப்படுத்திவிட்டு நல்லசாமி நேரே விட்டார்.

கை ஒடிக்கத் துடித்தது. அதை ஸ்டீயரிங்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். லாரி விழுந்து எழுந்தது. யூசோப்பின் தலை கூரையைத் தொட்டுத் திரும்பியது, சொங்கோக் செல்லப்பாவின் மடிக்கு வந்தது. "இது இரட்டைப் பிள்ளை" என்றார் நல்லசாமி. செல்லப்பாவின் ஃபைல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு காலடியில் இறங்கின. பின்னால் டாங்கியில் ஏதோ மோதும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஓவர்சியரின் சத்தமும் கேட்டன. சம்பந்தியிடம் அன்றைக்கு மரியாதையே இல்லை. சம்பந்தியிடம் அன்றைக்கு மரியாதையே இல்லை. ஒவ்வொன்றின் பெயரையும் அவர் காலையில் சொன்ன அதே குரலில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. லாரியின் அடியில் ஏதோ படீரென்று முறிகிற ஓசை அவர் காதுக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

நாலாவது கட்டையில் யூசோப் குடைக்கம்பால் தரையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். முன்னால் போன கவச வண்டி, இந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று ஹார்ன் அடித்து அலறியது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மலாயில் கோபமாக ஏதோ கேட்டார். நல்லசாமிக்குப் பாதி புரிந்தது; மீதியைச் செல்லப்பா சொன்னார். "காலமை ஒழுங்கா ஓட்டின ஆள், இப்ப கள்ளுக்கிள்ளுக் குடிச்சிட்டீரோ எண்டு கேக்கிறார். உம்மடை தொரைக்குச் சொல்லவேண்டி வருமாம்."

வேலை போகலாம். லாரி போகலாம். நல்லசாமி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"காலையில நான் ஓட்டுனேன்யா. இப்ப சடக்கு ஓட்டுது. அவரு பாக்க வந்தது என்னை இல்லைன்னு சொல்லுங்க."

செல்லப்பா நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லும் குறையாமல் மலாயில் சொன்னார். யூசோப் தன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபம் எந்த இடத்தில் முடிந்து யோசனை எந்த இடத்தில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. கண்ணாடி வழியே சக்கரத்துக்கு முன்னால் வாயைத் திறந்து கிடந்த பள்ளத்தைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் சொன்னாயே, இதன் பெயர் என்ன என்று நேரடியாக நல்லசாமியிடமே கேட்டார்.

"இதுக்குப் பேரு வைக்கல துவான்." ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி, தெரிந்த மலாயில் சொன்னார். "எம் பிள்ளை இங்கதான் பொறந்துச்சு. அதுக்கும் பேரு வைக்கல. ஆஸ்பத்திரிக்குப் போற வழி இது ஒண்ணுதான். வீட்டுல மறுபடி ஆறு மாசம்."

யூசோப் கதவைத் திறந்து இறங்கினார். கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஓவர்சியர் ஒரு முழங்கையை மறுகையில் தாங்கியபடி பின்னாலிருந்து இறங்கினார்.

"காகிதத்தில் எத்தனை அங்குலக் கல்?" என்று யூசோப் அவரிடம் கேட்டார்.

"ஒன்பது, துவான்."

லாரியில் கிடந்த மண்வெட்டியை எடுத்து நல்லசாமி வெட்டினார். தார் நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து வெட்டச் சொன்னார் யூசோப். தாருக்குக் கீழே கல், கல்லுக்குக் கீழே உடனே செம்மண். பெரியவர் குனிந்து, தன் சிவப்புப் பென்சிலைக் குழிக்குள் நிறுத்திப் பார்த்தார். கல் பென்சிலில் பாதிக்கும் வரவில்லை. இந்த ஒரு இடத்தில் அப்படி இருக்கலாம் துவான் என்றார் ஓவர்சியர். அப்படியானால் வேறு இடம் பார்ப்போம் என்றார் யூசோப். திரும்பவும் கேட் பக்கம் போகச் சொன்னார். கவச வண்டிக்காரன் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினான்.

ஐந்து இடத்தில் வெட்டினார்கள். செல்லப்பா லாரியின் முன் மூடியில் நோட்டை வைத்து, அழகான ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதினார். கிராணி, மூன்று அங்குலம். சம்பந்தி, இரண்டரை. மங்கம்மா, மூன்று. இரட்டைப் பிள்ளை, இரண்டு. நாலாவது கட்டைக்கு வந்தபோது பேனாவை நிறுத்தினார். பெயர் எழுதவேண்டிய இடத்தைச் சும்மா விட்டுவிட்டு, மூன்று என்று மட்டும் எழுதினார். 'பயணத்துக்கு உகந்த நிலை' என்று காலையில் எழுதிய பக்கத்தில் யூசோப்பே குறுக்காக ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

அந்தப் பட்டியல் சட்டசபையில் அப்படியே வாசிக்கப்பட்டது. சம்பந்தி என்றால் என்ன என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டாராம், பக்கத்தில் இருந்தவர் விளக்கினாராம், சபை சிரித்ததாம். சிரித்து முடித்த பிறகு, மூன்று அங்குலத்தைப் பார்த்து ஒன்பது என்று கையெழுத்துப் போட்டது யார் என்று யூசோப் கேட்டாராம். அப்போது யாரும் சிரிக்கவில்லையாம். காண்ட்ராக்டர் ஒரு காசு புதிதாக வாங்காமலே திரும்பக் கல் கொண்டுவந்து கொட்டினார். ஓவர்சியர் வேறு மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பஞ்சாலைக்கு நாள் வந்தபோது ஏழில் ஆறு கட்டை முடிந்திருந்தது. சந்திப்பை அடைய இருபத்தைந்து நிமிஷம்தான் ஆனது. பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்து, டாக்டர் காதைப் பொத்திக்கொள்ளுமளவுக்கு அழுதது.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு நல்லசாமிக்கு இது ஒன்றும் தெரியாது. சந்திப்பில் யூசோப் இறங்கினார், கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், கை குலுக்கினார். செல்லப்பா "வாறன் தம்பி" என்றார். அவர்கள் வந்திருந்த கார் கோலாலம்பூர்ப் பக்கம் மறைந்தது. ஓவர்சியரின் காரும் கவச வண்டியும் போயின. சாலை ஓரத்தில் நல்லசாமியும் லாரியும் மட்டும் நின்றார்கள். தோட்டத்தில் பால் காத்துக்கொண்டிருக்கும், தொரை கேட்பார்.

அவர் உடனே ஏறவில்லை. முன்சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்து உள்ளே பார்த்தார். ஸ்பிரிங் பட்டை ஒன்று நடுவில் விண்டிருந்தது. ஆறு வருஷத்தில் முதல் பட்டை. கழுத்துத் துண்டால் அதில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். சுற்றும்முற்றும் பார்த்தார், யாரும் இல்லை. விண்ட இடத்தை இரண்டு கையாலும் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.